கியர்பாக்ஸ் பிரித்துக் கட்டிய பிறகு வண்டி உதைக்கிறது. 1000 கிலோமீட்டரில் சரியாகிவிடுமா?

கோபாலபுரம்_கேட் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வேலை பொள்ளாச்சியில். தினமும் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய் வருகிற ஆள். வண்டி 2009 மாடல் பெட்ரோல் செடான், 5 கியர் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற பாகம்) ஆட்டோமேட்டிக், 1,74,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் விடுகிறேன். சொன்னால் இழை அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்று போய்விடும்.

போன ஓணத்துக்கு நெல்லியாம்பதி போனோம். போத்துண்டி அணையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும், 2இலிருந்து 3க்கு மாறுகிற இடத்தில் இன்ஜின் உய்ங்கென்று கத்தியது. ஒரு நொடி கழித்துத்தான் வண்டி பிடித்தது. இரண்டு மாதத்தில் அது தினப்படி வழக்கமாகிவிட்டது. ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய், எடுத்துப் பார்த்தால் கருப்பு, தீய்ந்த வாடை. கோயமுத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸை இறக்கி, புது கிளட்ச் பிளேட், சீல், கேஸ்கெட் எல்லாம் போட்டுக் கட்டிக் கொடுத்தார்கள். 92,000 ரூபாய்.

நழுவல் போயே போச்சு. ஏற்றத்தில் இழுவை புது வண்டி மாதிரி. ஆனால் வேறு மூன்று வந்திருக்கிறது. பார்க்கிங்கிலிருந்து ரிவர்ஸ் போட்டால் 'டொக்'. 2இலிருந்து 3க்குப் போகும்போது பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி ஒரு உதை. 70இல் கால் லேசாக வைத்து ஓட்டினால் ஸ்டியரிங்கும் சீட்டும் சேர்ந்து ஒரு நடுக்கம், ஜல்லிக் கல்லில் போகிற மாதிரி.

அம்மா பின்சீட்டில் மடியில் மோர்ப் போசியோடு உட்கார்ந்து வருவார். பழைய நழுவுகிற கியர்பாக்ஸில் ஒரு சொட்டு சிந்தாது. இந்தத் தடவை கோபாலபுரம் வருவதற்குள் சேலை நனைந்துவிட்டது. "இதுக்கா இத்தனை பணம் குடுத்தே?" என்கிறார்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "புது பிளேட் சார், 1000 கிலோமீட்டர் ஓட்டுங்க, தானாவே செட் ஆகிடும்" என்கிறார்கள். 600 ஓட்டிவிட்டேன். இது உண்மையா, சமாளிப்பா?

---

மலம்புழை_மேனுவல்:

ஆட்டோமேட்டிக் வாங்கினதே தப்பு. அந்த 92,000க்கு நான் பத்து கிளட்ச் மாற்றியிருப்பேன்.

---

வால்வுபாடி:

மேலே சொன்னவருக்கு: மூட்டுவலி உள்ளவர்கள் ஆட்டோமேட்டிக் ஓட்டுவதை உங்கள் வீட்டில் யாரும் இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது. சரி, அதை விடுங்கள்.

கேட் தம்பி, நான் கஞ்சிக்கோடு பக்கம் 20 வருடத்துக்கு மேலாக இந்த வேலைதான் செய்கிறேன். உங்கள் அம்மா சொன்னது எனக்குப் புதிதில்லை. பிரித்துக் கட்டின வண்டியை எடுத்துப் போகிறவர்களில் பாதிப் பேர் முதல் வாரம் இதையேதான் சொல்வார்கள். காரணம் இருக்கிறது.

தேய்ந்த கிளட்ச் மெதுவாக நழுவி நழுவித்தான் பிடிக்கும். நழுவுகிற நேரம் முழுக்க உங்களுக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும். ஆனால் அந்த வெண்ணெய் உருகி வருவது பிளேட்டின் லைனிங்கிலிருந்து. எண்ணெய் கருத்ததும் தீய்ந்த வாடையும் அதனால்தான். அதனால் 'முன்னே எப்படி இருந்தது' என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். புதிதாக ஷோரூமிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்தது என்பதோடு ஒப்பிடுங்கள்.

ஆனால் நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று தனி வியாதி. ஒரே மருந்து, அதுவும் 1000 கிலோமீட்டர் ஓட்டு என்கிற மருந்து, மூன்றுக்கும் கேட்காது. புது லைனிங் பதமாக உட்காருவதற்கு சில நூறு கிலோமீட்டர் ஆகும் என்பது மெய். அதில் கொஞ்சம் முரட்டுத்தனம் குறையும். ஆனால் 'டொக்' சத்தம் லைனிங் உட்கார்ந்து போகிற சத்தம் இல்லை, 70இல் வரும் நடுக்கம் ஓட்ட ஓட்டக் கூடத்தான் செய்யும்.

ஒர்க்‌ஷாப்பில் நாலு கேள்வி கேட்டு வாருங்கள். கன்வெர்ட்டரை வெட்டித் திறந்தார்களா, வெறுமனே கழுவினார்களா? கிளட்ச் பேக்கில் (பிளேட்டுகளின் அடுக்கு) கிளியரன்ஸ், அதாவது இடைவெளி, எவ்வளவு வைத்தார்கள்? வால்வு பாடியை (எண்ணெயை எந்த கிளட்சுக்கு அனுப்புவது என்று திருப்பிவிடும் பாகம்) பிரித்தார்களா? கட்டி முடித்ததும் ஸ்கேனர் போட்டு பழைய அடாப்டேஷனை, அதாவது கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் கற்றுவைத்த கணக்கை, அழித்தார்களா?

---

தேங்காய்_மண்டி:

எனக்கும் இதே உதைதான். வண்டி எடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1இலிருந்து 2க்குப் போகும்போது தலை முன்னால் போய் வருகிறது. கம்பெனியில் 'நார்மல்' என்கிறார்கள். சின்ன ஹேட்ச்பேக், ஆட்டோமேட்டிக்.

---

வால்வுபாடி:

உங்களுடையது ஏஎம்டி. அது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை உங்கள் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் மிதிக்கிறது. கிளட்ச் விடும் நேரம் இழுவை அறுந்துதான் சேரும், அதனால் தலை ஆடும். மாறுகிற நேரத்தில் ஆக்சிலேட்டரை லேசாக விட்டுப் பாருங்கள், பாதி குறையும். இந்த இழையில் பேசுவது வேறு சாமான்.

---

கோபாலபுரம்_கேட்:

போன் போட்டுக் கேட்டேன். கன்வெர்ட்டரை "பெட்ரோல் ஊத்திக் குலுக்கிக் கழுவினோம்". வால்வு பாடியை "திறந்து சுத்தம் பண்ணோம், சொலினாய்டு ஓம்ஸ் செக் பண்ணோம், எல்லாம் ஓகே". கிளியரன்ஸ் கேட்டதும் கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் "கிட்ல வந்த பிளேட்டுதான் சார், அளவாத்தான் வரும்" என்றார். அடாப்டேஷன் என்றதும், "பேட்டரி வயரைக் கழட்டி மாட்டினோமே, அதுலயே போயிடும்".

---

வால்வுபாடி:

பேட்டரி வயரைக் கழற்றினால் சில பழைய வண்டிகளில் அழியும், நிறைய வண்டிகளில் ஒன்றும் ஆகாது. உங்கள் 2-3 உதைக்கு என் சந்தேகம் முதலில் அங்கேதான். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

ஒவ்வொரு கிளட்ச் பேக்குக்குள்ளும் ஒரு பிஸ்டன். கம்ப்யூட்டர் சொலினாய்டை, அதாவது மின்சாரத்தில் இயங்கும் வால்வை, திறந்ததும் எண்ணெய் போய் அந்தப் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் முதலில் வெறும் இடைவெளியைக் கடக்க வேண்டும், அப்புறம்தான் பிளேட்டுகள் ஒன்றையொன்று தொடும். இந்த இடைவெளிதான் கிளியரன்ஸ். பல கியர்பாக்ஸில் அரை மில்லிமீட்டருக்கும் ஒன்றரைக்கும் நடுவே இருக்கும், கிளட்சுக்குக் கிளட்ச் வேறு. பிளேட் தேயத் தேய இடைவெளி கூடும், எண்ணெய் நிரம்ப நேரமாகும். கியர்பாக்ஸின் உள்ளே போகும் ஷாஃப்ட்டின் சுற்றையும் வெளியே வரும் ஷாஃப்ட்டின் சுற்றையும் சென்சார் அளந்துகொண்டே இருக்கிறது. 'இந்த கிளட்ச் லேட்டாகப் பிடிக்கிறது' என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்து, அடுத்த தடவை கொஞ்சம் அதிக நேரம், கொஞ்சம் அதிக அழுத்தம் கொடுக்கும். இப்படிப் பல வருடம் கூட்டிக் கூட்டிக் கற்றுக்கொண்ட கணக்குதான் அடாப்டேஷன்.

இப்போது நீங்கள் புது பிளேட் போட்டீர்கள். இடைவெளி குறைந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. கிழவனுக்கு ஊட்டின வேகத்தில் இளவட்டத்துக்கு ஊட்டுகிறது. எண்ணெய் முன்கூட்டியே நிரம்பி, பிளேட் படாரென்று பூட்டுகிறது. அதுதான் உதை.

கிளியரன்ஸை அளக்காமல் கட்டினது அடுத்த பயம். 'கிட்டில் வருவது அளவாக இருக்கும்' என்பது பேச்சுக்குச் சரி. டிரம், ஸ்டீல் பிளேட், பிரஷர் பிளேட் எல்லாம் பழசு, அதோடு புதுசு சேரும்போது அளவு மாறும். சர்க்லிப்புக்கும் (அடுக்கைப் பிடித்து வைக்கும் வளையம்) கடைசி பிளேட்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) விட்டுப் பார்த்து, கூடுதலாக இருந்தால் தடிமனான பிளேட்டோ சர்க்லிப்போ மாற்றிப் போடணும். இடைவெளி அதிகமானால் தாமதமாகிக் கடைசியில் மோதும். ரொம்பக் குறைந்தால் பிளேட் எப்போதும் உரசிக்கொண்டே இருந்து தீயும். நான் புது பிளேட்டை ஒரு மணி நேரமாவது ஏடிஎஃப்பில் ஊறவைத்துத்தான் மாட்டுவேன். உலர்ந்த பிளேட்டை மாட்டினால் முதல் மிதியிலேயே கருகும். இட்லி அரிசியை ஊறவைக்கப் பொறுமை உள்ள ஊரில் இதற்கு மட்டும் பொறுமை இல்லை.

---

நெசவுக்காரி:

அண்ணா சொல்வதில் ஒன்று சேர்க்கிறேன். நான் சித்தூரிலிருந்து கோவைக்குத் தினமும் ஓட்டுகிறவள், அதே ரகக் கியர்பாக்ஸ். எனக்கும் 65-70இல் அதே நடுக்கம் வந்தது. ஒரு இடத்தில் "கன்வெர்ட்டர் போச்சு, 40,000" என்றார்கள். இன்னொருவர் முதலில் என்ன எண்ணெய் போட்டிருக்கிறது என்று கேட்டார். விசாரித்தால், கடைசி சர்வீஸில் 'எல்லா வண்டிக்கும் ஆகும்' என்று எழுதின டப்பாவை ஊற்றியிருக்கிறார்கள். சரியான ஸ்பெசிஃபிகேஷன் எண்ணெயை மூன்று தடவை வடித்து ஊற்றினதும் நடுக்கம் நின்றது, இரண்டு வருடமாக வரவில்லை.

ஏடிஎஃப்பில் உராய்வைப் பதப்படுத்தும் மருந்து கலந்திருக்கும். கிளட்ச் பிடிக்கத் தொடங்குகிற நேரத்தில் கவ்வி-விட்டு, கவ்வி-விட்டு என்று ஆகாமல் வழுக்கிக்கொண்டே பிடிக்கச் செய்வது அதுதான். ஒவ்வொரு கம்பெனி எண்ணெயிலும் அதன் அளவு வேறு. மருந்து தீர்ந்தாலும் நடுக்கம், தப்பான எண்ணெய் போட்டாலும் நடுக்கம்.

'லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்' என்று கார் கம்பெனிகள் எழுதுவதை நம்புகிறவர்களுக்கு: கியர்பாக்ஸ் செய்கிற இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது.

---

வால்வுபாடி:

அக்கா சொன்னது சரி, எண்ணெயை முதலில் பார்ப்பதுதான் முறை. ஆனால் அது உங்கள் வண்டி, பிரிக்காத கியர்பாக்ஸ். கேட் தம்பியின் கியர்பாக்ஸ் உள்ளே எரிந்து, லைனிங் தூள் எண்ணெயோடு சுற்றியது. அந்தத் தூள் போய் உட்காருகிற இடம் கன்வெர்ட்டர். அதை வெட்டாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பெட்ரோல் ஊற்றிக் குலுக்குவது வாய் கொப்பளித்துச் சொத்தைப் பல்லைச் சரிசெய்வது மாதிரி.

---

நெசவுக்காரி:

நீங்கள் கன்வெர்ட்டர் வெட்டுகிற தொழில் செய்கிறீர்கள், அதனால் எல்லாமே கன்வெர்ட்டராகத் தெரியலாம் :) முதலில் செலவில்லாத சோதனை எதுவோ அதைச் சொல்லுங்கள்.

---

வால்வுபாடி:

நியாயம். செலவில்லாத சோதனை இருக்கிறது. நடுக்கம் வருகிற வேகத்தில், ஆக்சிலேட்டரை எடுக்காமல், இடது காலால் பிரேக்கை மிக லேசாகத் தொடணும். பிரேக் பிடிக்கக் கூடாது, பின்னால் லைட் எரிகிற அளவு மட்டும். பிரேக் ஸ்விட்ச் போட்டதும் கம்ப்யூட்டர் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்சை (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டுவது) விட்டுவிடும். அந்த நொடியே நடுக்கம் நின்றால் லாக்-அப் பக்கம். நிற்காமல் தொடர்ந்தால் பிளக், காயில் என்று இன்ஜின் பக்கம் பாருங்கள். சிலிண்டர் ஒன்று விட்டு விட்டு அடிப்பதும் இதே மாதிரி நடுக்கம்தான் தரும், நிறையப் பேர் அதற்கே கியர்பாக்ஸை இறக்கியிருக்கிறார்கள்.

ஆளில்லாத நேராக இருக்கிற ரோட்டில் மட்டும் செய்யுங்கள். இடது கால் பழக்கமில்லாதவர்கள் ஓங்கி மிதித்துவிடுவார்கள்.

---

கம்பம்மெட்டு_டாக்ஸி:

வணக்கம்ணே. குமுளி, தேக்கடி, மூணாறு ஓட்டுகிறவன். அந்த 'டொக்'கைப் பற்றி என் கதையைக் கேளுங்கள்.

என் வண்டியில் ரிவர்ஸ் போட்டால் டொக், டி (டிரைவ்) போட்டால் டொக். போடிமெட்டில் 17 கொண்டை ஊசியிலும் ஆக்சிலேட்டரை விட்டு மிதிக்கும்போது அடியில் சுத்தியலால் தட்டின மாதிரி. ஒரு மெக்கானிக் பேச்சைக் கேட்டு கியர்பாக்ஸைப் பிரித்தேன். சீசன் நேரம், 18 நாள் வண்டி நின்றது. திரும்பி வந்தது, டொக்கும் கூடவே வந்தது. கடைசியில் பார்த்தால் இன்ஜினைத் தாங்குகிற பின்பக்க மவுண்டிங் ரப்பர் கிழிந்து இரண்டு துண்டாகத் தொங்குகிறது. ரப்பர் 3,000 சொச்சம். மாற்றினதும் சத்தம் இல்லை. கியர்பாக்ஸுக்குக் கொடுத்ததை இன்னும் வட்டியோடு கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பானட்டைத் திறந்துவைத்து, ஒருத்தர் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு ரிவர்ஸ், டி, ரிவர்ஸ், டி என்று மாற்றட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று இன்ஜினைப் பாருங்கள். முன்னால் நிற்காதீர்கள்ணே.

---

வால்வுபாடி:

இந்தத் தம்பி சொன்னதுக்கு நூறு மார்க். கியர்பாக்ஸ் நழுவிக்கொண்டிருந்த காலத்தில் கிழிந்த மவுண்டிங் வெளியே தெரியாது, ஏனென்றால் அடி மெதுவாக விழுகிறது. கிளட்ச் புதுசானதும் அடி சட்டென்று விழும், மவுண்டிங்கின் வண்டவாளம் வெளியே வரும். பழி கட்டினவன் தலையில். ஐடில் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) கூடுதலாக இருந்தாலும் டொக் வரும், 1000 ஆர்பிஎம்முக்கு மேல் நின்றால் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

---

கோபாலபுரம்_கேட்:

ஞாயிற்றுக்கிழமை தம்பியை உட்காரவைத்துப் பார்த்தேன். ரிவர்ஸ் போட்டதும் இன்ஜின் இரண்டு விரல் உயரம் எழும்பி உட்கார்ந்தது! வீட்டு வாசலில் நின்று பார்த்த அம்மாவே "அது என்னடா, மாடு எந்திரிக்கிற மாதிரி எந்திரிக்குது" என்றார். முன் மவுண்டிங்கில் ரப்பர் பாதி விட்டிருக்கிறது, கியர்பாக்ஸ் பக்க மவுண்டிங் வெடித்திருக்கிறது. இரண்டையும் மாற்றினேன். டொக் முக்கால்வாசி போய்விட்டது. இப்போது இருப்பது ஒரு மெல்லிய 'ம்' மட்டும்.

லாக்-அப் சோதனையும் செய்தேன், பொள்ளாச்சி ரோட்டில் காலை ஆறு மணிக்கு. 70, லேசான கால், நடுக்கம் வந்தது. பிரேக்கைத் தொட்டேன். சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. காலை எடுத்தேன், நாலைந்து நொடியில் மறுபடி வந்தது. ஐந்து தடவை செய்தேன், ஐந்திலும் அப்படியே. எண்ணெய் சரியான ஸ்பெசிஃபிகேஷன்தான், பில்லில் இருக்கிறது.

---

நெசவுக்காரி:

சரி, ஒத்துக்கொள்கிறேன். கன்வெர்ட்டர்தான்.

---

புத்தூர்_மாங்காய்:

நான் ஆந்திரா பக்கம், நகரி தாண்டி புத்தூர். இடையில் ஒரு சந்தேகம். என் வண்டி 1,30,000 ஓடியிருக்கிறது, ஏடிஎஃப் ஒரு தடவைகூட மாற்றவில்லை, கியர் நன்றாகத்தான் மாறுகிறது. மாற்றினால் நழுவ ஆரம்பிக்கும், தொடாதே என்கிறார்கள். நிஜமா?

---

வால்வுபாடி:

நன்றாக மாறுகிறது என்றால் மாற்றலாம். மிஷின் வைத்து அழுத்தித் தள்ளுவது வேண்டாம். பானில் (கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் நிற்கும் தட்டு) இருப்பதை வடித்து அதே அளவு ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் கழித்து மறுபடி. ஏற்கெனவே நழுவுகிற வண்டியில் எண்ணெய் மாற்றிய மறுநாள் கியர்பாக்ஸ் நின்றால் பழி எண்ணெய் மேல் விழும். அது முந்தின வருடமே செத்தது.

ரேடியேட்டர் பழசா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் ஏடிஎஃப் குளிர்கிற குழாய் ரேடியேட்டருக்குள்ளேதான் போகிறது. உள்ளே ஓட்டை விழுந்தால் கூலன்ட்டும் ஏடிஎஃப்பும் கலந்து ரோஸ் மில்க் மாதிரி ஆகும். கிளட்ச் லைனிங்கை ஒட்டியிருக்கும் பசை அதில் கரைந்துவிடும். அப்புறம் பிரித்துக் கட்டுவதைத் தவிர வழியில்லை.

---

கோபாலபுரம்_கேட்:

அடாப்டேஷன் அழித்த கதை. பொள்ளாச்சியில் ஸ்கேனர் வைத்திருக்கிற ஒரு தம்பி செய்து கொடுத்தார். ஏடிஎஃப் சூடு 70 டிகிரிக்கு மேல் வரும்வரை ஓட்டி, அப்புறம் அழித்து, நின்ற இடத்தில் பிரேக்கை மிதித்து என்-டி, என்-ஆர் (நியூட்ரல்-டிரைவ், நியூட்ரல்-ரிவர்ஸ்) மாற்றி மாற்றி ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் வைத்தார். பிறகு என்னிடம், "அண்ணா, கால் முட்டை மேல வைக்கிற மாதிரி. 1 முதல் 5 வரைக்கும் போங்க, பிரேக்கை மெதுவா மிதிச்சு நில்லுங்க, திரும்பவும் முதல்ல இருந்து." கோபாலபுரத்துக்கும் மீனாட்சிபுரத்துக்கும் நடுவே தென்னந்தோப்பு ரோட்டில் பதினைந்து தடவை போனேன். இளநீர்க் கடைக்காரர் போலீசுக்குப் போன் செய்யாதது ஆச்சரியம்.

முதல் நாலு தடவை முன்னைவிட மோசம். நேரத்தோடு பிடிக்கவே இல்லை, பிறகு குத்தியது. அழித்தது தப்போ என்று வயிறு கலங்கியது. எட்டாவது தடவையில் 2-3 உதை ஒரு தள்ளலாகக் குறைந்தது. மூன்று நாள் ஆபீஸ் போய் வந்த பிறகு தேடினால்தான் தெரிகிறது.

---

வால்வுபாடி:

உதை குறைந்தது என்றால் கிளியரன்ஸ் தப்பாக இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அளக்காமலே அமைந்தது உங்கள் அதிர்ஷ்டம். அளவு தப்பாக இருந்தால் கம்ப்யூட்டரால் சரிக்கட்ட முடியாது, அதற்கும் எல்லை உண்டு.

கன்வெர்ட்டரைத் தள்ளிப் போடாதீர்கள். அந்த நடுக்கத்தில் கரைகிற லைனிங் புது கியர்பாக்ஸின் வால்வுகளுக்குள்தான் போகும்.

இந்த இடத்தில் ஒரு பழங்கதை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1939 கடைசியில் ஹைட்ராமேட்டிக் என்ற முதல் பெரும் உற்பத்தி ஆட்டோமேட்டிக்கை ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் கொண்டுவந்தது. நாலு கியர், மாறுவது நன்றாகவே தெரியும். அதே ஜெனரல் மோட்டார்ஸின் பியூக் பிரிவு 1948இல் டைனாஃப்ளோ என்று ஒன்று செய்தது. டி-யில் போட்டால் கியர் மாறவே மாறாது, எல்லாப் பளுவும் கன்வெர்ட்டர் தலையில். தண்ணீரில் படகு போகிற மாதிரி இருக்குமாம். ஆனால் சிக்னலில் கிளம்ப நேரமாகும், பெட்ரோலும் குடிக்கும். ஜனங்களே அதற்கு 'டைனாஸ்லஷ்', சேற்றுக் குழம்பு என்று பெயர் வைத்தார்கள். ஆக, வழுவழுப்பு வேண்டுமானால் எவ்வளவும் கிடைக்கும், இழுவையிலும் பெட்ரோலிலும் விலை கொடுக்கணும். நான் கட்டுகிற கியர்பாக்ஸை வேண்டுமென்றே ஒரு நூல் கெட்டியாகத்தான் வைப்பேன். சட்டென்று பிடித்தால் சூடு குறைவு, சூடு குறைந்தால் ஆயுசு கூடும். வாடிக்கையாளரிடம் முன்னாலேயே சொல்லிவிடுவேன்.

---

நெசவுக்காரி:

இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கெட்டியாக வைப்பது உங்கள் விருப்பம், வண்டியில் உட்காருவது நாங்கள். கம்பெனி வைத்த அளவில் 1,74,000 ஓடியிருக்கிறதே, அது போதாதா?

---

வால்வுபாடி:

:) போதும்தான். மலைக்கு ஏற்றுகிற டாக்ஸிக்கு ஒரு மாதிரி, மோர் கொண்டு போகிற வீட்டுக்கு ஒரு மாதிரி என்று வைத்துக்கொள்வோம்.

---

கோபாலபுரம்_கேட்:

ஒரு மாதம் கழித்து வருகிறேன். கன்வெர்ட்டர் வேலை முடிந்தது.

முதலில் சண்டை. ஒர்க்‌ஷாப்காரர் "நாங்க கன்வெர்ட்டர் வேலைன்னு பில்லுலயே போடலை" என்றார். பில்லைப் பார்த்தால் அது உண்மைதான், நான்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இறக்கி ஏற்றுகிற கூலியில் பாதியை அவர் விட்டுக்கொடுத்தார், கன்வெர்ட்டர் செலவு என் தலையில். மொத்தம் 27,000. முதலிலேயே செய்திருந்தால் அந்தக் கூலியே வந்திருக்காது.

வெட்டும்போது கூட நின்றேன். லேத்தில் மாட்டி, வெல்டிங் ஓரத்தை மட்டும் மெல்ல மெல்லச் சீவினார்கள். சுருள் சுருளாக இரும்பு உதிர்ந்தது. கடைசிச் சுற்றில் 'ணங்' என்று இரண்டு பாதியாகப் பிரிந்தது. உள்ளே இருந்த எண்ணெய், நான் புதிதாக ஊற்றின எண்ணெய், டிக்காஷன் நிறத்தில் வடிந்தது. லாக்-அப் பிளேட்டைத் துடைத்துக் காட்டினார். பழுப்பாக, சொரசொரப்பாக இருக்க வேண்டிய லைனிங் கண்ணாடி மாதிரி மினுமினுத்தது. மூன்று இடத்தில் கருப்புத் திட்டு, ஓரிடத்தில் நகத்தால் கீறினால் உரிந்து வந்தது. எதிரே அது போய்ப் பிடிக்கிற இரும்புப் பரப்பில் நீலம் பாய்ந்த வட்டம். சூடு எவ்வளவு ஏறியிருந்தால் இரும்பு நீலமாகும்!

புது லைனிங் ஒட்டி, நடுவில் இருக்கிற ஒருவழிக் கிளட்சையும் பேரிங்கையும் மாற்றி, மறுபடி வெல்டு பண்ணி, கசிவு பார்த்து, பேலன்ஸ் செய்தார்கள். மாட்டும்போது அந்தப் பெரியவர், "மூணு தடவை டக்குனு உள்ள போகணும் தம்பி, ரெண்டோட போல்ட் போட்டா பம்ப் உடைஞ்சிரும்" என்று காதை வைத்துக் கேட்டு மாட்டினார். கூலர் குழாயையும் இந்தத் தடவை காற்றும் எண்ணெயும் விட்டுக் கழுவச் சொன்னேன். கருப்புத் தூள் ஒரு டம்ளர் வந்தது.

எண்ணெய் அளவு இன்னொரு விஷயம். முதல் தடவை குளிர்ந்த வண்டியில் பார்த்து ஊற்றியிருக்கிறார்கள். ஓட்டிச் சூடாக்கி, இன்ஜின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கில் ஹாட் கோட்டுக்கு நேராகப் பார்த்தோம்.

70இல் நடுக்கம் இல்லை. 60இல் இல்லை. 80இல் இல்லை.

---

கம்பம்மெட்டு_டாக்ஸி:

மலை ஏத்திப் பாத்தீங்களாண்ணே? சமதள ரோட்டுல எல்லா கியர்பாக்ஸும் நல்ல பிள்ளைதான்.

---

கோபாலபுரம்_கேட்:

ஏற்றியாச்சு. ஆளியாறிலிருந்து வால்பாறை, 40 கொண்டை ஊசி, நாலு பேர், சாமான். ஒன்பதாவது வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு ஏற்றத்தில் நின்று கிளம்பினேன். 1-2-3 போனது, கை வைத்துத் தள்ளின மாதிரி, கத்தலும் இல்லை, குத்தலும் இல்லை. இறக்கத்தில் 2இல் பிடித்து வந்தபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. காலையில் குளிர்ந்த வண்டியில் முதல் 1-2 மட்டும் ஒரு சின்ன இடி. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

---

வால்வுபாடி:

குளிரில் ஏடிஎஃப் கெட்டியாக இருக்கும், முதல் மாற்றத்தில் கொஞ்சம் இடிப்பது இயல்பு. 5,000 கிலோமீட்டரில் பானைக் கழற்றி உள்ளே இருக்கும் காந்தத்தைப் பாருங்கள். விபூதி மாதிரி சாம்பல் நிறத்தில் மாவாக இருந்தால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். அரிசி மாதிரி, ஊசி மாதிரி இருந்தால் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள்.

---

கோபாலபுரம்_கேட்:

5,200இல் கழற்றினேன். விபூதிதான்.

---

நெசவுக்காரி:

வாழ்த்துகள். மோர்ப் போசி என்ன ஆச்சு?

---

கோபாலபுரம்_கேட்:

இப்போது மூடியைத் துணி வைத்துக் கட்டித்தான் கொண்டு வருகிறார். சிந்தவில்லை. கட்டவில்லை என்றாலும் சிந்தாது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.